ஆறு பாகமும் ஒரு முழமும்

1

இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம் நிறைந்த கிழமையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதம் அல்ல. நகரசபையின் சுகாதாரப் பகுதி எழுதியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதகர் ஒருவர் வருவார், வீட்டின் எல்லா அறைகளையும் பார்ப்பார், வீட்டிலிருப்பவர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

மூன்று தரம் வாசித்தேன். ஆங்கிலம் விளங்காமல் அல்ல, நன்றாக விளங்கியதால். இதே கடிதத்தை, இதே 'ஒத்துழைக்க வேண்டும்' என்ற வெருட்டலோடு, மன்னார்த் தீவில், பேசாலையில் வீடு வீடாகக் கொடுத்துத் திரிந்தவன் நான்.

இதை வாசிக்கும் இளம் ஆட்களுக்கு என்னைத் தெரியாது. வீட்டில் வயதுபோனவர்களிடம் 'கக்கூஸ் ஐயா' யார் என்று கேட்டுப்பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள். நான் தோட்டவெளியில் பிறந்து, கொழும்பில் படித்து, இருபத்துநாலு வயதில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பேசாலைக்கு வந்தவன். காக்கிக் காற்சட்டை, அரசாங்கச் சைக்கிள், பின்னால் ஒரு கட்டு நோட்டீஸ். கிணறு, குப்பை, நுளம்பு, மலசலகூடம் ஆகிய நான்கு நாட்டுக்கும் நான் ராசா. போகிற வழியில் யன்னல் பூட்டிய வீட்டைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "யன்னலைத் திறவுங்கோ, காத்து வரட்டும்!" என்று சத்தம் போடாமல் போகமாட்டேன். காற்று அந்தத் தீவில் எந்தக் காலத்திலும் அனுமதி கேட்டு வந்ததில்லை என்பது வேறு விசயம்.

"ரீற்றா, நகரசபையிலயிருந்து ஆள் வருதாம்," என்றேன் மனைவியிடம்.

"என்னத்துக்கு?"

"வீடு பாக்க."

ரீற்றா சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குப் பழக்கம். நோட்டீஸ் கையில் கிடைத்த அடுத்த கணம் பேசாலைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் தங்கள் குசினியைப் பார்ப்பார்கள்.

"எத்தினை பேராம்?" என்று கேட்டாள். "பற்றிஸ் காணுமோ, இல்லாட்டி ரோல்ஸும் சுடட்டோ?"

2

பரிசோதகரை வரவழைத்தவள் எங்கள் மகள் ஷாமினி. நாங்கள் இங்கே வந்த வருசம் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் வேலை. என்னோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். கோபம் வந்தால் மட்டும் முழுவதும் தமிழ். அதனால் அவள் நல்ல தமிழ் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பயம். அவளுடைய மகள் மியாவுக்கு ஆறு வயது. இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

மியாவுக்கு இழுப்பு. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தரம் அம்புலன்ஸில் கொண்டு ஓடினோம். இரண்டாம் தரம் டொக்டர் மருந்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டார். மியா படுக்கிற சின்ன அறையின் சுவரில் பூஞ்சணம் இருக்கிறது என்று ஷாமினி சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அடுத்த குளிருக்கு முன்னம் அந்த அறை திருந்த வேண்டும். அல்லது பிள்ளை வேறு வீட்டில் இருக்க வேண்டும்," என்றார். வேறு வீடு எங்களுக்கு எங்கே இருக்கிறது? அறைதான் திருந்த வேண்டும்.

அது வாடகை வீடு, பழைய செங்கல் வீடு. வடக்குச் சுவரில், இழுத்துவைத்த தோணியின் அடியில் பாசி பிடித்ததுபோல் கறுப்புக் கறுப்பாகப் படர்ந்திருக்கும். துடைத்தால் போகும். போய் இரண்டு கிழமையில் உறவினரோடு திரும்பி வரும். வீட்டுக்காரரின் முகவருக்கு ஷாமினி எழுதினாள். பதில் வந்தது: அதிகம் சமைக்கிறார்கள், ஈர உடுப்பை உள்ளே காயப்போடுகிறார்கள், காற்று வர விடுவதில்லை. ஆகவே காரணம், குடியிருப்பவர்களின் வாழ்க்கை முறை.

ஷாமினி கொதித்தாள். சுத்தமான தமிழில் கொதித்தாள். நான் கொதிக்கவில்லை. 'வாழ்க்கை முறை' என்ற அந்தச் சொல்லை எங்கேயோ முன்னம் சந்தித்த மாதிரி இருந்தது. எங்கே என்று தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

இன்னொரு விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அது வீட்டில் எவருக்கும் தெரியாது. அந்தச் சின்ன அறையின் சுவரில், காற்றுப் போய்வர ஒரு துளை இருந்தது. அதற்குள்ளால் வருவது காற்றல்ல, கத்தி. நேரே மியாவின் கட்டிலில் இறங்கும். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு நாள் நான் இடுப்பில் கட்டுகிற பழைய நீலக்கட்டம் போட்ட சாரத்தை நன்றாகச் சுருட்டித் துளைக்குள் திணித்து, அதற்கு முன்னால் அலுமாரியையும் தள்ளி வைத்துவிட்டேன். 'காத்து வரட்டும்' என்று தொண்டை கிழியக் கத்திய அதே ஆள்தான்.

என் தகைமைகளைக் குறைத்து எடைபோடாதீர்கள். வந்த புதிதில் வேலை எடுத்துத் தரும் கந்தோரில் ஒரு பெண் கேட்டாள், "உங்கள் நாட்டில் என்ன வேலை பார்த்தீர்கள்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "பொதுச் சுகாதாரம். முக்கியமாக மலசலகூடங்கள்," என்றேன். அவளுக்குப் பெரிய சந்தோசம். அடுத்த திங்கட்கிழமையே ரயில் நிலையத்தில் மலசலகூடம் கழுவுகிற வேலை எடுத்துத் தந்தாள். புலம்பெயர்ந்தும் துறை மாறாமல் ஓய்வுபெற்ற ஒரு சிலரில் நானும் ஒருவன்.

3

எழுபதுகளின் கடைசி. கரையோரச் சனத்தின் சுகாதாரத்தை முன்னேற்ற வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தது. நல்ல தீர்மானம், பகிடியில்லை. கல்வீடு பிறகு வரும், முதலில் வளவுக்கு ஒரு மலசலகூடம் என்றார்கள். சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், தகரக் கூரை, கொண்டி போட்ட மரக்கதவு. பக்கத்தில் வீடு நிற்கும்: கிடுகுக் கூரை, கிடுகு மறைப்பு, கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு. வெளியூர்க்காரன் வந்தால் எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவது என்று குழம்பிப்போவான்.

கட்டி முடித்து இரண்டு மாதத்தில், சனம் பாவிக்கிறதா என்று பார்க்கப் போனேன். முதல் வளவு சவிரியானுடையது. முப்பத்தைந்து வயதுக் கடற்றொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூப்பு. சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள். நான் மலசலகூடக் கதவைத் திறந்தேன். உள்ளே கூரை வரைக்கும் வலை. மூலையில் மிதவைகள். சுவரில் அந்தோனியார் படம், அதற்கு ஒரு பிளாஸ்ரிக் மாலை.

"சவிரி அண்ணை, இது என்ன?"

"வலை, ஐயா."

"வலை எண்டு தெரியுது. ஏன் இதுக்குள்ள?"

"வேற எங்க ஐயா வைக்கிறது? இந்த வளவிலயே கொண்டி போட்ட கதவு இது ஒண்டுதான். எலி வராது, மழை வராது. அரசாங்கம் நல்ல வேலை செய்திருக்கு."

"அப்ப நீங்கள் எங்க போறியள்?"

"கடக்கரை பெரிசுதானே. அதுக்கு இன்னும் கதவு போடேல்லை."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி மதலேனாள் எட்டிப் பார்த்தாள். "ஐயா, என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ. அந்தோனியாரை மட்டும் கழட்டச் சொல்லிப்போடாதேங்கோ. வலைக்கு அவர்தான் காவல்."

நான் நோட்டீஸ் கட்டை எடுத்தேன். அப்போதுதான் சவிரியான் பகிடியை விட்டுப் பேசினார்.

"ஐயா, இந்தக் குழி வெட்டினது நான். ஆளுயரம் போக முந்தித் தண்ணி ஊறிட்டுது. கையில அள்ளிக் குடிச்சுப் பாத்தன். எங்கட கிணத்துத் தண்ணியின்ர அதே ருசி. ரெண்டுக்கும் நடுவில கிடக்கிறது வெறும் மணல். இதுக்குள்ள நாங்கள் போனால் அது எங்க போகும்?"

"கொழும்பில படிச்ச ஆக்கள் போட்ட பிளான் அண்ணை."

"கொழும்பில களியோ, மணலோ?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதில் தெரியாத உத்தியோகத்தர்கள் எல்லோரும் பார்க்கிற இடம் அது.

4

சட்டத்தில் அதற்கும் ஒரு பதில் இருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும். இருந்தால் கிணறு தப்பும். ஐம்பது அடி இருக்கிறது என்று நான் அளந்து எழுதினால்தான் மலசலகூடம் கணக்கில் ஏறும்.

அளக்கிற நாடா உப்புக்காற்றில் துருப்பிடித்து, பெட்டிக்குள் சுருண்டபடியே இறுகிவிட்டது. புதியது கேட்டு மன்னார்க் கந்தோருக்கு எழுதினேன். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது தரலாம் என்று பதில் வந்தது. ஒப்படைக்கப் போனேன். ஒப்படைக்கும் படிவத்தில், நாடாவின் தற்போதைய நீளத்தை அளந்து எழுதவும் என்று இருந்தது. நாடாவை அளக்க என்னிடம் நாடா இல்லை. திரும்பி வந்து காலால் அளக்கத் தொடங்கினேன். என் எட்டு ஒன்று இரண்டரை அடி. இருபது எட்டு வைத்தால் ஐம்பது அடி. அரசாங்கமே அங்கீகரிக்கக்கூடிய கணக்கு.

அந்தக் கரையில் எவரும் அடியில் அளப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கயிறோ, வலையோ, கடலின் ஆழமோ, எல்லாம் பாகம்தான். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், ஆறடி. என்னைப்போல் படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

சவிரியானின் மலசலகூட வாசலில் நின்று கிணற்றைப் பார்த்தேன். பதினைந்தாவது எட்டில் முழங்கால் கிணற்றுக்கட்டில் இடிக்கும் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. எனக்கு இருபது வேண்டும். வருசம் முடிவதற்குள் எல்லாம் பாவனைக்கு வந்துவிட்டன என்று எழுதி அனுப்பும்படி மேலிடத்தில் நெருக்கினார்கள். இந்த வளவு பிழையென்றால் அந்த வீதி முழுவதும் பிழை, எல்லா வளவும் ஒரே ஒடுக்கம். வேலை முடிக்காத பரிசோதகர்களை மலைநாட்டுக்கு மாற்றுவார்கள் என்று ஒரு கதை இருந்தது. குளிர் எனக்கு ஒத்துவராது என்று பயந்தேன்.

பத்தாவது எட்டு வரைக்கும் கம்பீரமாக நடந்தேன். அதற்குப் பிறகு என் கால்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. கிணறு கிட்டக் கிட்ட எட்டு சின்னதாகிக்கொண்டே போனது. இருபதாவது எட்டு சரியாகக் கிணற்றுக்கட்டில் போய் நின்றது.

"ஐம்பது அடி," என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன்.

சவிரியான் வேலியோரமாகக் குந்தியிருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். திரும்பக் கண்ணை வலையில் வைத்தார். மதலேனாள் என் சைக்கிள் ஹாண்டிலில் வழக்கம்போல ஒரு கோர்வை மீன் கொழுவிவிட்டாள்.

இருந்தும் வலை வெளியே வரவில்லை. நான் சுவாமியாரைப் பிடித்தேன். ஞாயிறு பூசையில், கலியாண ஓலை வாசித்த கையோடு, மலசலகூடத்தில் வலை வைத்திருக்கிறவர்களின் பெயர்களையும் வாசித்தார். முதல் பெயர் சவிரியான். கோயிலே சிரித்தது. அடுத்த நாள் வலை வெளியே வந்து பூவரச மரத்தில் தொங்கியது. அந்தோனியாரும் வீட்டுக்குள் குடிபோனார். வீதி முழுவதும் திருந்திவிட்டது. மன்னாரிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

5

மாரி மழையும் வந்தது. கிணறுகளில் கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. பிறகு அந்த வீதியில் வயிற்றோட்டம் தொடங்கியது.

சவிரியானின் கடைசி மகள் ஜசிந்தாவுக்கு அப்போது ஐந்து வயது. மன்னார் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கண் உள்ளே போய், உதடு வெடித்து, கட்டிலில் ஒரு துணிபோலக் கிடந்தாள். நான் கடமையின் நிமித்தம் படிவத்தோடு போனேன். விறாந்தையில் சவிரியான் நின்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைத் தம்பி என்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். கடக்கரைக்குப் போனமட்டும் எங்கட வீட்டில ஒருதருக்கும் ஒண்டும் வரேல்லை. உங்கட கக்கூசுக்குப் போகத் தொடங்கி மூண்டு மாசம். பிள்ளை இந்தக் கிடை கிடக்குது. இது என்ன கணக்கு?"

கடற்கரை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே காலையில் காலைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மலசலகூடம் தேவைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி அதுவல்ல. அவருடைய கணக்குக்கு விடை என் சட்டைப்பையில், என் கையெழுத்தோடு இருந்தது. நான் சொன்னது இது:

"சாப்பிட முந்திக் கை கழுவுறியளோ அண்ணை?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மகளின் கட்டிலருகில் இருந்துவிட்டார்.

ஜசிந்தா தப்பிவிட்டாள். அந்தோனியாருக்கும் சேலைனுக்கும் நன்றி. நான் எல்லாக் கிணற்றுக்கும் மருந்து போட்டேன், வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். பிறகு மேசையில் இருந்து அறிக்கை எழுதினேன். குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம்: ஐம்பது அடி. நோய்க்குக் காரணம்: பிரதேச மக்களின் சுகாதாரமற்ற வாழ்க்கை முறை.

அடுத்த மாதம் நானே கேட்டு வேறு இடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சண்டை வந்த வருசங்களில் எங்கள் தீவில் மலசலகூடத்தைப் பற்றிக் கதைக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. சவிரியான் குடும்பம் தோணியேறி அக்கரைக்குப் போனது, முகாமில் இருந்தது, திரும்பி வந்தது. நான் விமானமேறிக் குளிருக்குள் வந்தேன்.

6

வியாழக்கிழமை காலை எழும்பியபோது வீடு முழுக்க பிளீச் மணம். ரீற்றா சின்ன அறையில் கதிரையில் ஏறி நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. சுவர், கோயிலில் முதல்நன்மை வாங்கப் போகிற பிள்ளையைப்போல வெள்ளையாக நின்றது.

வேலையிலிருந்து வந்த ஷாமினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"ஆள் வருதெல்லே. ஊத்தைச் சுவரைக் காட்டுறதே? எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"அந்த ஊத்தையைப் பாக்கத்தான் அம்மா அவ வாறா! அதுதான் எங்கட சாட்சி!"

"படம் எடுத்து வச்சிருக்கிறாய்தானே?"

"படத்தில இருக்கிறது ஆரின்ர சுவரெண்டு கேப்பாங்கள். தன்ர கண்ணால காணுறதைத்தான் அவ எழுதலாம்."

முழுவதும் தமிழ். நான் ஒதுங்கி நின்றேன்.

கிளேர் என்ற அந்தப் பரிசோதகர் சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். நான் பேசாலைக்குப் போன வயதுதான் இருக்கும். சப்பாத்துக்கு மேல் நீல உறை போட்டுக்கொண்டாள். கையில் சிவப்பு ஒளி விட்டு அளக்கிற கருவி. சுவரில் காட்டினாள், தூரம் தானாக விழுந்தது. துருப்பிடிக்காது, வெட்கப்படாது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ரீற்றா பற்றிஸ் தட்டை நீட்டினாள். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று சொல்லிக் கிளேர் மறுத்துவிட்டாள். ரீற்றாவின் முகம் விழுந்தது. என் கண்ணுக்குள் சைக்கிள் ஹாண்டிலில் மீன் கோர்வை ஆடியது.

சின்ன அறைக்குள் போனோம். கிளேர் சுவரைப் பார்த்தாள், முகர்ந்தாள், ஈரம் பார்க்கிற முள்ளைக் குத்தினாள்.

"ஈரம் இருக்கிறது," என்றாள். "ஆனால் இப்போதுதான் கழுவியிருக்கிறீர்கள் போல. கழுவிய சுவரில் ஈரம் இருக்கும்தானே. நான் எழுதக்கூடியதாக இங்கே ஒன்றும் தெரியவில்லையே."

ஷாமினி கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தெரியும், ஒரு இடம் மிச்சம் இருந்தது. ரீற்றாவால் நகர்த்த முடியாத அலுமாரியின் பின்பக்கம். அந்த வீட்டிலேயே பூஞ்சணம் மோசமாக இருக்கிற இடம். அதோடு, என் சாரம் இருக்கிற இடம். அலுமாரியை நகர்த்தினால் கறுப்பும் தெரியும், என் கைவேலையும் தெரியும். காற்றுத் துளையை அடைத்தவர்கள் குடியிருப்பவர்களே என்று எழுதப்பட்டால் முகவர் சொன்ன 'வாழ்க்கை முறை' நிரூபணமாகிவிடும், சுவரை எவரும் திருத்தமாட்டார்கள். நகர்த்தாவிட்டால் ஒன்றும் எழுதப்படாது, அப்போதும் திருத்தமாட்டார்கள். கிளேர் பேனாவை மூடினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

முன்னறையில் மியா இருமினாள். அன்றைக்கும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"இந்த அலுமாரியை நகர்த்த ஒரு கை கொடுங்கள்," என்றேன் கிளேரிடம்.

நகர்த்தினோம். சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பு. நடுவில், துளைக்குள்ளிருந்து நீலக்கட்டம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அது என்ன?" என்றாள் ஷாமினி.

"சாரம், பிள்ளை."

"சாரம் எண்டு தெரியுது. ஏன் அதுக்குள்ள?"

நாற்பத்தைந்து வருசத்துக்கு முன் நான் கேட்ட கேள்வி, கடல் தாண்டி வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. 

கிளேரும் அதையே கேட்டாள், ஆனால் இடுப்பில் கை வைக்காமல். "ஏன் அடைத்தீர்கள்?" கேட்டுவிட்டு உண்மையிலேயே பதிலுக்குக் காத்து நின்றாள். எனக்கு அது புது அனுபவம். கட்டிலைக் காட்டினேன். காற்று எந்த வழியாக வந்து எங்கே விழும் என்று கையால் காட்டினேன். அவள் சுவரோர ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தாள். பிணம்போல் குளிர்ந்திருந்தது. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அப்படித்தான், இரண்டு தரம் சொல்லியும் எவரும் வரவில்லை. பிறகு வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பீலி வெடித்து, மழைத் தண்ணீர் வருசக்கணக்காக அந்தச் சுவரில் வழிந்த அடையாளம் பச்சையாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்தாள். சாரத்தையும் எடுத்தாள்.

"நானும் முன்னம் இந்த வேலைதான் பார்த்தவன்," என்றேன் வாசலில் வைத்து.

"அப்படியானால் உங்களுக்குத் தெரியும்," என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

7

மூன்றாம் கிழமை அறிக்கையின் பிரதி வந்தது. ஷாமினி வாசித்தாள். பீலி வெடிப்பு, சுவருக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், வேலை செய்யாத ஹீற்றர். 'காற்றுத் துளை துணியால் அடைக்கப்பட்டிருந்தது' என்பதும் ஒளிக்காமல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: அறையில் சூடு இல்லாததால், குழந்தையைக் குளிரிலிருந்து காப்பாற்ற அடைத்திருக்கிறார்கள். குறித்த நாளுக்குள் வீட்டுக்காரர் மூன்றையும் திருத்த வேண்டும். திருத்தினார்கள். முணுமுணுத்துக்கொண்டு திருத்தினார்கள். ஹீற்றர் சுட்டதும் சாரத்தை நானே இழுத்து எடுத்தேன். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடும்படி மட்டும் கிளேர் எங்களுக்கு எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் தேடிப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. எடுத்தவள் ஜசிந்தா. ஐம்பது வயது, குரல் கணீரென்று இருந்தது. "அப்பா, உங்களுக்கு வெளிநாட்டுக் கோல், கக்கூஸ் ஐயாவாம்," என்று போனைக் கொடுத்தாள். திரையில் சவிரியானின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஆர், கக்கூஸ் ஐயாவோ? இன்னும் இருக்கிறியளோ?"

"இருக்கிறன் அண்ணை. கக்கூஸ் எப்பிடி?"

"புதுசு கட்டித் தந்திருக்கினம். கீழ சீமெந்துத் தொட்டி, ஒரு சொட்டு வெளிய போகாது. குழாயில தண்ணியும் வருது."

"அப்ப பழசு?"

"அதுக்குள்ள வலை." ஜசிந்தா போனைத் திருப்பிக் காட்டினாள். அதே கதவு. அதே அந்தோனியார், மாலை மட்டும் புதியது.

"அண்ணை, ஒண்டு சொல்ல வேணும்," என்றேன். "அண்டைக்கு நான் நடந்து அளந்தது பொய். ஐம்பது அடி இல்லை. பிள்ளைக்கு வந்த வருத்தத்துக்கும் காரணம் உங்கட பழக்கம்தான் எண்டு எழுதிப்போட்டன்."

நெற்றி கொஞ்சம் திரும்பியது, கிணற்றடிப் பக்கமாக இருக்கும். 

"ஆறு பாகமும் ஒரு முழமும்," என்றார்.

"என்ன அண்ணை?"

"கக்கூசுக்கும் கிணத்துக்கும். நீங்கள் சைக்கிள் ஏறின உடன நான் கையால அளந்து பாத்தனான். ஆறு பாகமும் ஒரு முழமும்."

மனத்துக்குள் பெருக்கினேன். முப்பத்தேழரை அடி, என் பதினைந்து எட்டு.

"அது தெரிஞ்சும் ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. பிறகு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், பேரப்பிள்ளைக்குச் சுகமோ என்று கேட்டார், இங்கே மீன் என்ன விலை என்று கேட்டு, நான் சொன்னதை நம்ப மறுத்தார்.

போனை வைத்துவிட்டுச் சின்ன அறைக்குப் போனேன், கட்டிலைத் தள்ளிப் போட. வீட்டில் நல்ல நாடா இருக்கிறது, துருவில்லாத நாடா. நான் சுவரில் ஒரு விரல் நுனியை வைத்து இரண்டு கையையும் அகல விரித்தேன், விரல்களை மடக்காமல், முழுதாக. மற்ற விரல் நுனி முடிகிற இடத்துக்குக் கட்டிலின் கால் வர வேண்டும்.

மியா முன்னறையிலிருந்து பார்த்திருக்கிறாள். அம்மப்பா கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து நெஞ்சில் மோதினாள். அளவு கெட்டுப்போயிற்று. காதை அவள் முதுகில் வைத்துக் கேட்டேன். ஓடிவந்த மூச்சு, இழுப்பில்லாத வெறும் மூச்சாக இருந்தது.

அவளை இறக்கிவிட்டு, திரும்பவும் கையை விரித்தேன்.